சகாயராணி எண்ணச் சொன்ன ஓட்டு

சகாயராணி என்றதும் ஊரில் எல்லோரும் கோர்ட்டு கேஸைத்தான் பேசுவார்கள். எனக்கு என் ஜீப்பின் முன்பக்கம்தான் நினைவுக்கு வரும். டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பல வருசமாக அந்த இடம் சகாயராணிக்கும் பாக்கியத்துக்கும் பட்டா போட்ட மாதிரி. வேறு யாராவது ஏறினால் ஜீப்பே சிரித்து இறக்கிவிடும்.

விடியுமுன் ஊரில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். வளைவுக்கு வளைவு சகாயராணி பேசுவாள், பாக்கியம் கேட்பாள். தோட்டத்தில் பறித்த காயை நிறுக்கும்போது முள் ஆடிக்கொண்டிருக்கையிலேயே கணக்குப்பிள்ளை எடையைச் சொல்லிவிடுவான். சகாயராணி விடமாட்டாள். "முள்ளு நிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க" என்பாள். தன் காய்க்கு மட்டுமல்ல, யார் காய்க்கும் அப்படித்தான். வாய்க்காரி என்று பெயர் எடுத்தாளே தவிர, அவள் இருந்தால் யாருக்கும் எடை குறையாது.

பாக்கியம் வேறு ரகம். வாயில் எப்போதும் வெற்றிலை. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும், பஸ் டிக்கெட்டோ வடை சுற்றிய பேப்பரோ, மூலைக்கு மூலை சேர்த்து வெற்றிலை மாதிரி முக்கோணமாக மடிப்பாள். அவளுக்கே தெரியாமல் கை மடித்துவிடும். ஜீப்பைக் கூட்டும்போது முன்பக்கமெல்லாம் முக்கோணமாகக் கிடக்கும். "ஏத்தா, பேப்பரையும் மென்னுறாத" என்று திட்டுவேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஏங்கத்தான் செய்கிறது.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊர் பிரசிடென்ட் பதவி பெண்களுக்கு. ஜீப் நிற்கிற இடத்தில் ஒரு விளக்கு வேண்டும், இருட்டில் பாம்பும் தெரியவில்லை, குடிகாரனும் தெரியவில்லை என்று ஜீப்பில் வருகிற பெண்களே சகாயராணியை நிறுத்தினார்கள். மறுநாளே பாக்கியத்தின் வீட்டுக்காரர் ஆண்டனி ராஜ், தன் பெண்டாட்டி பேரில் மனுத் தாக்கல் செய்துவிட்டார். "நீ கையெழுத்து மட்டும் போடு. மத்ததை நான் பாத்துக்கிருவேன்" என்றாராம்.

பாக்கியம் ஜீப்பில் வந்து அழுதாள். "எனக்கு எதுக்கு ராணி இதெல்லாம்?"

"அட நில்லுடி. யாரு செயிச்சாலும் நம்ம எடம் இங்கனதான்" என்று ஜீப்பின் இருக்கையைத் தட்டிக் காட்டினாள் சகாயராணி.

ஓட்டு எண்ணும் இடத்தில் நான் சகாயராணியின் ஏஜெண்ட். பாக்கியத்துக்கு அவள் வீட்டுக்காரரே ஏஜெண்ட். எண்ணி முடித்தால் இரண்டு பேருக்கும் சரிசமம். ஒரு ஓட்டுச்சீட்டை மட்டும், இரண்டு சின்னத்திலும் முத்திரை இருக்கிறது, செல்லாது என்று அதிகாரி ஒதுக்கியிருந்தார்.

சகாயராணி மேசைக்கே போய்விட்டாள். "சார், என் சின்னத்துல அழுத்தமா இருக்கு. அங்கன இருக்கிறது வெளுத்துப்போயி, கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி இருக்கு. மடிச்சதுல மை ஒட்டியிருக்கு. இது ரெண்டு ஓட்டு இல்ல சார், ஒத்த ஓட்டு."

அதிகாரி அவளுடைய ஆட்சேபணையை எழுதி வாங்கிக்கொண்டார். ஓட்டை எண்ணவில்லை. சமமாக வந்தால் குலுக்கல் என்பது விதி. இரண்டு பெயரையும் எழுதிப் போட்டு எடுத்தார். பாக்கியம் என்று வந்தது. ஊரில் வேட்டுச் சத்தம் கிளம்பிவிட்டது.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். திருவிழாவில் அந்தோணியார் சப்பரத்தை முதலில் எந்த வகையறா தூக்குவது என்று வருசா வருசம் சண்டை வரும். பீடத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டு போட்டு எடுப்போம். சீட்டு விழுந்தபின் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, அது சாமி சொன்னது. அந்தப் பழக்கத்தில், அதிகாரி எடுத்த சீட்டையும் ஊர் சாமி சொன்னதாகவே எடுத்துக்கொண்டது. சகாயராணி கேஸ் போடப்போகிறாள் என்றதும் ஊரே கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஆண்டனி ராஜ் அவளை மறித்தார். "சாமி போட்ட சீட்டை எதுத்துக் கோர்ட்டுக்குப் போவியா நீ?"

"சாமியை நான் எதுக்கலைண்ணே" என்றாள் சகாயராணி. "சாமிகிட்டக் கேக்குறதுக்கு முன்னால மனுசர் போட்டதை எண்ணி முடிச்சிருக்கணும்ல? எண்ணாம விட்டுட்டுச் சாமியை எதுக்கு இழுக்குறீக?"

அன்றிலிருந்து பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பாக்கியம் மலைக்கு வருவதும் நின்றது. அவளை வீட்டோடு வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார் ஆண்டனி ராஜ். ஜீப்பில் அவள் இடத்தில் சகாயராணி தன் தூக்குவாளியை வைத்துவிடுவாள். அங்கே யாரையும் உட்காரவிடவில்லை. பேச்சும் குறைந்துபோய், வளைவுகளில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும்.

தேனியில் ஜெபஷீலா என்று ஒரு வக்கீலம்மா கேஸை எடுத்துக்கொண்டார். தேர்தல் நடக்கும்போது கோர்ட்டு குறுக்கே வராது, முடிவு வந்தபின் தேர்தல் மனுவாகத்தான் போக வேண்டும், அரசியல் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது என்று விளக்கினார்.

"டெல்லியில இருக்க சனாதிபதி தேர்தல்ல தகராறு வந்தா?" என்று கேட்டாள் சகாயராணி.

"அதுக்கும் சட்டத்துல வழி இருக்கும்மா. நேரா சுப்ரீம் கோர்ட்டு விசாரிக்கும்."

"அப்ப அவுகளும் நானும் ஒரே சாதி" என்றாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம் வாய்தா, கொரோனா, மறுபடி வாய்தா. கூலியை விட்டுவிட்டுத் தேனிக்கு அலைந்தாள். "போதும் விட்டுரு ராணி, இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பதவி?" என்று நானே எரிந்து விழுந்திருக்கிறேன். "பதவி கெடக்கட்டும்ணே. யாரோ ஒரு பொம்பள என்னைய நம்பிக் குத்தியிருக்கா. அவ ஓட்டைக் குப்பையில போட நான் யாரு?" என்றாள்.

கடைசியில் ஒருநாள் நீதிபதி முன்னால் அந்த ஓட்டு இருந்த உறையைப் பிரித்தார்கள். சீட்டை மேசையில் விரித்து, வக்கீல்களையும் எங்களையும் அருகில் வந்து பார்க்கச் சொன்னார்கள். எண்ணுகிற அன்று அதிகாரி கையில் தூரத்தில் பார்த்ததுதான். இப்போது பக்கத்தில் பார்த்தேன். மடிப்பு நேராக இல்லை. மூலைக்கு மூலை, சாய்வாக, முக்கோணமாக விழுந்திருந்தது. அதனால்தான் மை அடுத்த சின்னத்தில் போய் ஒட்டியிருக்கிறது.

இந்த மடிப்பை என் ஜீப்பில் எத்தனை தடவை கூட்டித் தள்ளியிருப்பேன்! நிமிர்ந்து பாக்கியத்தைப் பார்த்தேன். அவளும் அந்தத் தாளைத்தான் பார்த்தாள். வெற்றிலை மெல்லுகிற வாய் நின்றுவிட்டது. எண்ணுகிற அன்று அவள் மேசைக்கே வரவில்லை, இன்றைக்குத்தான் பார்க்கிறாள். சகாயராணியும் குனிந்து அதைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ஓட்டு ரகசியம். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஓட்டு செல்லும், சகாயராணி வென்றாள் என்று தீர்ப்பு வந்தது. கோர்ட்டு வராந்தாவிலேயே ஆண்டனி ராஜ் குதித்தார். ஹைகோர்ட்டுக்குப் போவோம், இந்தா வக்காலத்து, கையெழுத்துப் போடு என்று பேனாவை நீட்டினார். சாமி போட்ட சீட்டு என்று அத்தனை வருசம் சொன்ன மனுசன்.

பாக்கியம் பேனாவை வாங்கவில்லை. "கையெழுத்துத்தான கேக்குறீக? போட மாட்டேன்" என்றாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பதவிக்காலம் முடிய மூன்றோ நாலோ மாதம்தான் மிச்சம். அதற்குள் ஜீப் நிற்கிற இடத்தில் சகாயராணி விளக்கைப் போட்டுவிட்டாள். அப்புறம் பதவி முடிந்து, பஞ்சாயத்து தனி அலுவலர் கைக்குப் போனது. அவள் மறுபடி தூக்குவாளியோடு என் ஜீப்புக்கு வந்தாள்.

ஒருநாள் விடியுமுன் அந்த விளக்குக்கடியில் பாக்கியமும் நின்றாள். ஏறுவதா வேண்டாமா என்று தயங்கினாள். சகாயராணி தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏறுடி, குளிருது" என்றாள்.

மெட்டு ஏறினோம். சகாயராணி வடைப் பொட்டலத்தைப் பிரிக்க, ஆளுக்கொன்று எடுத்தார்கள். தின்று முடித்ததும் பாக்கியத்தின் கை பழக்கத்தில் அந்தப் பேப்பரை மூலைக்கு மூலை மடிக்கத் தொடங்கியது. சகாயராணி அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். பிரித்து, மடியில் வைத்து நீவி, நீளவாக்கில் நேராக மடித்து, திரும்ப அவள் கையில் வைத்தாள்.

"அடுத்த தடவையாச்சும் இப்பிடி மடிடி" என்றாள்.