மைக்கில் சொன்ன அடையாளம்

போன வெள்ளிக்கிழமை என் மகளைத் தொலைத்துவிட்டேன்.

பதறாதீர்கள், கிடைத்துவிட்டாள். இதோ, பக்கத்தில்தான் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். பதற்றம் எனக்குத்தான்... இன்னும் போகவில்லை.

குருவிநத்தத்தில் என் நாத்தனார் வீடு. அம்மன் கோயில் தீமிதிக்காக வில்லியனூரிலிருந்து போயிருந்தோம். யாழினிக்குப் பதினேழு வயது. ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திடீரென்று பம்பைச் சத்தம் எழுந்ததும் என் கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் தள்ளித் தென்பெண்ணை. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

விழாப் பந்தலுக்கு ஓடினோம். மைக் பிடித்திருந்தவர் அடையாளம் கேட்டார். நீலச் சுடிதார், ஒற்றைப் பின்னல், ஆட்டிசம் என்று உளறினேன். கடைசி வார்த்தை அவருக்குப் பிடிபடவில்லை. நாத்தனார்தான் உதவிக்கு வந்தார்.

“எட்டு மணி சீரியல்ல ஹீரோயினுக்குத் தம்பி ஒருத்தன் வரான் இல்ல... அந்த மாதிரிப் பொண்ணுப்பா.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சுடிதாரையும் பின்னலையும் சேர்த்துத்தான் மைக்கில் சொன்னார். ஆனால் ஜனங்கள் காதில் வாங்கியது சீரியலை மட்டும்தான்.

அந்தத் தம்பியை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தலையைச் சாய்த்துக்கொள்வான். விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டுவான். உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். எந்தப் பெருக்கல் கணக்கைக் கொடுத்தாலும் நொடியில் விடை! அப்படிப் பிள்ளைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த சேனலைத் திருப்பினாலும் அவன் ஒருவன்தானே வருகிறான்?

குருவிநத்தத்துக்காரர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தீமிதியைக்கூடப் பார்க்காமல் தேடினார்கள். பைக் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். தண்ணீரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். அங்கே யாரும் இல்லை என்றதும் மறுபடி கோயிலுக்கு ஓடிவந்தேன்.

மோர்ப் பந்தலில் இருந்தாள்!

எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றோடொன்று இடிக்காமல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பந்தலில் இருந்த பெண்மணி அவற்றில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக்கொண்டு அழவும் முடியாது — திடீரென்று தொட்டால் அவளுக்கு ஆகாது. பக்கத்தில் நின்று அழுதேன்.

“இந்தப் பொண்ணாம்மா?” அந்தப் பெண்மணிக்கு நம்ப முடியவில்லை. “இது நல்லாத்தானே கீது. வந்ததுலேர்ந்து எனக்கு ஒத்தாசை பண்ணிக்கினு கீது. நான் அந்த சீரியல் பையனாட்டம் யார்னா வராங்களான்னு இல்ல பாத்துக்கினு இருந்தேன்...”

அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? தேடச் சொன்னதைத்தான் தேடியிருக்கிறார்.

ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நாளைக்கு டவுன் பஸ்ஸில் கை நழுவினால்? மைக் பிடிக்க நாத்தனார் ஊர்க்காரர்களும் இல்லாத இடத்தில், நானும் இல்லாத காலத்தில், இவளை யார் எந்த அடையாளம் சொல்லித் தேடுவார்கள்?

ஒன்று மட்டும் நிச்சயம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் தொலைந்தது அந்த சீரியல் நடிகராக இருந்திருந்தால், பம்பை ஓயும் முன்பே கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார்கள்.