ஒரு வருஷத்துக்குள்

அப்பா போன பிறகு அண்ணனும் நானும் மாலையானால் பாரூர் ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். அம்மா முன்னால் அப்பா பேச்சை எடுக்க முடியாது. எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் அவர் கரும்பு வெட்டுக்காரர்களோடு போட்ட சண்டை, கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவுவது, எல்லாவற்றையும் நாங்கள் நடந்துகொண்டே பேசுவோம். எனக்குத் தெரியாத கதைகளை அண்ணன் சொல்வான். சிரித்துக்கூட இருக்கிறோம்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தேறிவிட்டேன். விண்ணப்பத்தை எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். தபாலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னான்.

கடைசித் தேதி கழிந்த மறுவாரம் பேரிகையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையில்தான் எனக்கே தெரியும். அண்ணனைக் கொல்லைக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். விண்ணப்பத்தை அவன் அனுப்பவே இல்லை. எங்கள் சனத்தில் அப்பன் செத்தால் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், தவறினால் மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். தங்கை இருக்கும்போது அண்ணன் முந்தவும் கூடாது. ஊத்தங்கரையில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அத்தனை மாலைகளில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மூணு வருசம் எனக்காக அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களா புள்ள?" என்றான்.

காப்பி கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மா தெலுங்கும் தமிழுமாக அன்பாகத்தான் விசாரித்தாள். பெண் படித்தவளாயிற்றே, சம்மதந்தானா என்று கேட்டாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"எங்கப்பா ஆசைப்பட்டதுங்க. வேலைக்கெல்லாம் அனுப்பாத, சட்டுனு கட்டிக் குடுத்துருன்னு சாகறப்ப என் கையப் புடிச்சுச் சொன்னாரு."

விண்ணப்பத்தை மறைத்ததையாவது விழுங்கியிருப்பேன். சாகும்போது அப்பாவுக்கு நினைவே இல்லை. பக்கத்தில் நானும் இருந்தேன்.

"இல்லீங்க. என்னை டீச்சராக்கணும்னுதான் அப்பா சொன்னாரு. அண்ணன் பொய் சொல்லுது."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஊத்தங்கரைச் சம்பந்தமும் முறிந்துபோனது.

அடுத்த வருஷம் விண்ணப்பத்தை நானே தபாலில் சேர்த்தேன், இடமும் கிடைத்தது. ஆனால் ஏரிக்கரையில் அண்ணன் சொன்ன கதைகளை நினைத்தால் இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. அவற்றில் எது அப்பா, எது அண்ணன் கட்டியது என்று தெரியவில்லை.