வாராவாரம் பிறந்த நெய்க்காரர்

1. பையைக் கவிழ்த்த கவுண்டர்

இப்போது அச்சகத்து வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், "நீங்க செஞ்சதிலயே பெரிய தப்பு எதுங்க?" என்று கேட்பதுண்டு. இதுவரை மற்றவர்கள் செய்த தப்புகளைச் சொல்லிச் சமாளித்து வந்தேன். அவர்களில் பலர் இப்போது இல்லை, மறுத்துப் பேச ஆளில்லை. ஆனாலும் வயசான காலத்தில் அது நியாயமாகப் படவில்லை. என்னுடையதையே எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். சேலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாஸிட்டர். ஒரு புதன்கிழமை காலை, ராசிபுரத்து முதல் பஸ்ஸில் செங்கோடக் கவுண்டர் வந்து இறங்கினார். ராசிபுரத்தில் நெய் மண்டி வைத்திருப்பவர். எங்கள் அச்சகத்தில் ஆயிரம் தினசரிக் காலண்டர் அடித்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தவர். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் முதலாளியின் மேஜைமேல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். அத்தனையும் கிழித்த காலண்டர் தாள்கள்.

"ஏனுங்க மொதலாளி, நானு எத்தன தடவைங்க பொறந்தேன்?" என்றார்.

முதலாளி தாளைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார். "ஒரு தடவைதானுங்களே?"

"நானும் அப்பிடித்தானுங்க நெனச்சுட்டிருந்தேன். போன செவ்வாக்கெழம என்ற பொறந்த நாளு முடிஞ்சு போச்சு. நேத்து பாத்தா அல்லாரும் மறுக்காவும் தாளக் கிழிச்சுட்டு வந்து நிக்கறாங்க. 'இன்னைக்கும் உங்க பொறந்த நாளுன்னு போட்டிருக்குதுங்க, நெய் ஊத்துங்க'ங்கறாங்க. ரண்டு டின்னு நெய் காலிங்க!"

முதலாளி சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி அடுத்த செவ்வாயைப் புரட்டினார். கவுண்டர் பிறந்திருந்தார். அதற்கடுத்த செவ்வாயிலும் பிறந்திருந்தார். சித்திரை, ஆடி, ஐப்பசி என்று புரட்டிக்கொண்டே போனார். டிசம்பர் கடைசிச் செவ்வாய் வரை கவுண்டர் சலிக்காமல் பிறந்துகொண்டே இருந்தார்.

"மாரிமுத்து" என்று என்னைக் கூப்பிட்டார் முதலாளி. அவர் சத்தம் போடாமல் கூப்பிட்டால்தான் பயம்.

எனக்கு என்ன பயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நான் தாற்காலிக ஆள் என்பது தாலி கட்டிய பிறகுதான் ஆத்தூர் மாமனாருக்குத் தெரிந்தது. "வேல நெரந்தரம் ஆனதும் வந்து கூட்டிக்கினு போங்க மாப்ள" என்று பெண்ணைத் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். மாசி பிறந்ததும் நிரந்தரம் செய்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். மாசிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

2. செங்கோடக் கவுண்டருக்கு நாள் பார்த்தது

தப்பு எப்படி நடந்தது என்று சொல்ல, நாலு மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் காலண்டருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இந்நாளில்' என்று ஒரு வரி வரும். இந்த நாளில் இன்ன மேதை பிறந்தார், இன்ன கோட்டை விழுந்தது, இன்ன ராஜா பட்டம் ஏறினார் என்று இருக்கும். ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் வருஷம் முழுவதற்கும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, வாரத்துக்கு ஒரு கட்டாகக் கட்டிக் கொடுப்பார்.

ஆர்டர் கொடுக்க வந்த கவுண்டர், அப்போது அங்கிருந்த வாத்தியாரிடம் மாதிரித் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே நாளில் ஒரு மகாராணியும் ஒரு வானசாஸ்திரியும் பிறந்திருந்தது அவரை என்னவோ செய்துவிட்டது.

"என்ற நாளுல ஆருங்க பொறந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"உங்கள் நாள் எது?" என்றார் வாத்தியார்.

"தை மாசமுங்க. செவ்வாக்கெழம, சந்தை நாளு. எங்கம்மா சந்தையில வெண்ணெய் வித்துட்டிருக்கறப்பவே வலி வந்துருச்சாமா. அவ்வளவுதானுங்க தெரியும்."

காலண்டர் வருஷத்துத் தையில் நாலு செவ்வாய் வந்தன. வாத்தியார் நாலு சீட்டையும் எடுத்து, பெண் பார்க்க ஜாதகம் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் செவ்வாய், சீமையில் ஒரு ராஜாவைக் குற்றவாளியாக விசாரிக்க ஆரம்பித்த நாள்.

"கோர்ட்டு வெவகாரமா? வாண்டாமுங்க. எம் பங்காளி ஒருத்தனே போதும்."

மூன்றாவது செவ்வாய், அச்சுக்கலைக்கு வழிகாட்டிய மகான் காலமான நாள். எங்கள் தொழிலுக்கே மூலபுருஷர் என்று முதலாளி சிபாரிசு செய்து பார்த்தார். "சாவு உளுந்த நாளுல நானு எப்பிடிங்க பொறக்கறது?" என்று கவுண்டர் காதைப் பொத்திக்கொண்டார். நாலாவது, சீமை ராணியின் கல்யாண நாள். ஊரார் கல்யாணத்தில் தன் பெயர் எதற்கு என்று அதையும் தள்ளினார். மிஞ்சியது இரண்டாவது செவ்வாய், ஜனவரி 27. மேல்நாட்டுச் சங்கீத மேதை ஒருவர் பிறந்த நாள்.

"பாட்டுக்காரரா? நல்ல மனுசந்தானுங்களே?"

"அஞ்சு வயதிலேயே கீர்த்தனை போட்டவர்" என்றார் வாத்தியார்.

"அப்ப அதுலயே நானும் பொறந்துக்கறேன்" என்று கவுண்டர் முடிவு செய்தார்.

அந்தத் தாளில் போட வேண்டிய வாசகத்தையும் அவரே சொன்னார். 'மேல்நாட்டுச் சங்கீத மேதையும் ராசிபுரம் நெய் மண்டி செங்கோடக் கவுண்டர் அவர்களும் பிறந்த நாள். இத்தாளைக் கிழித்து வருவோருக்குப் பெரிய கரண்டியால் ஒரு கரண்டி நெய் இனாம்.' சுற்றிலும் பூ பார்டர் வேண்டும் என்றார்.

பூ பார்டர் போட்டால் இடம் குறையும். வாசகம் கட்டத்துக்குள் அடங்கவில்லை. நான் 'பெரிய கரண்டியால்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'ஒரு கரண்டி நெய் இனாம்' என்று முடித்தேன். யாரையும் கேட்கவில்லை. இது முதல் தப்பு.

இரண்டாவதுதான் பெரியது. எங்களிடம் எழுத்து குறைவு. அதனால் வாரம் வாரமாக, திங்கள் முதல் சனி வரை ஆறு தாளையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பாரமாகப் பூட்டி, காலால் மிதிக்கும் டிரெடில் மிஷினில் ஓட்டுவோம். ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சிவப்பு மை, அவை தனி. ஒரு வாரம் அச்சானதும் பாரத்தை முழுக்கப் பிரிப்பதில்லை. மண்டியின் பெயரும் கவுண்டர் பெயரும் கிழமையும் உள்ள தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, தேதி, திதி, நட்சத்திரம், அடிவரி இவற்றை மட்டும் உருவிவிட்டு அடுத்த வாரத்துக்குப் புதிதாகக் கோப்போம். செவ்வாய்க்கிழமை அடிவரியைப் பூ பார்டரோடு நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். மற்ற ஐந்து அடிவரிகளை உருவியபோது அது உருவ வரவில்லை. தலைப்போடு சேர்ந்த உருப்படி என்று கை விட்டுவிட்டது. காலியாக இருந்த ஐந்து இடங்களை நிரப்பினேன், ஆறாவது ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

வாராவாரம் வாத்தியார் கட்டில் ஒரு சீட்டு மிஞ்சியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? வாத்தியார் தாராள மனசுக்காரர், உதிரியாக ஒன்று கூடவே எழுதுகிறார் என்று நினைத்து எழுத்துப் பெட்டியின் மூலையில் போட்டு வைத்தேன். நாற்பத்தெட்டு சீட்டு சேர்ந்துவிட்டது. எத்தனை யுத்தம், எத்தனை மகாராஜா, எத்தனை விஞ்ஞானி! அத்தனை பேரையும் ஒரு நெய்க்காரருக்காக மூலையில் தள்ளியிருக்கிறேன்.

புரூஃப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். வாத்தியார் திதியையும் ராகு காலத்தையும் பார்ப்பார், அதில் தப்பு வந்தால் ஊர் சும்மா விடாது. முதலாளி ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பார், பணம் கொடுத்தவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று. செவ்வாய்க்கிழமைத் தாளில் அது இரண்டு இடத்தில் சரியாக இருந்தது. கூடுதல் சந்தோஷத்தோடு கையெழுத்துப் போட்டார்.

3. ராசிபுரம் சந்தையில்

"அடுத்த செவ்வாக்கெழம ராசிபுரம் போ" என்றார் முதலாளி, கவுண்டர் கிளம்பிப் போன பிறகு. "ஒரு பிழை திருத்தம் அடிச்சு எடுத்துட்டுப் போயி மண்டி வாசல்ல மாட்டு. கவுண்டர் சமாதானமாயிட்டாருன்னா திரும்பி வா. இல்லேன்னா அப்பிடியே ஆத்தூர் பஸ் ஏறிடு."

ஆத்தூரில் எனக்கு என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

பிழை திருத்தம் எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எப்படி எழுதினாலும் கவுண்டரின் பிறப்பைப் பற்றியே சந்தேகம் கிளப்புவதுபோல் இருந்தது. கடைசியில் பெரிய எழுத்தில் இப்படிக் கோத்தேன். 'பிழை திருத்தம்: செங்கோடக் கவுண்டர் அவர்கள் ஒரு முறை மட்டுமே பிறந்தவர். மற்ற செவ்வாய்க்கிழமைகளுக்கு அவர் பொறுப்பல்ல.'

செவ்வாய் காலை மண்டிக்குப் போனபோது வாசலிலிருந்து வண்டிப்பேட்டை வரை கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் கிழித்த தாள். கவுண்டர் கண்ணில் படுவதற்குள் மாட்டிவிடலாம் என்று தூணில் ஆணி அடித்து நோட்டீஸைத் தொங்கவிட்டேன். வெண்ணந்தூரிலிருந்து வெண்ணெய்ச் சட்டியோடு வந்திருந்த ஒரு அம்மாள், "என்ன எழுதியிருக்குதுங்க சாமி?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"ஒருக்காதான் பொறந்தாரா? செவ்வாக்கெழமதானுங்களே பொறந்தாரு?"

"ஆமாங்க, செவ்வாய்தான்."

"அப்பறம் என்னுங்க? வாரா வாரம் செவ்வாக்கெழம வருதில்லீங்க? எம் பையன் வெசாளக்கெழம பொறந்தான். ஒவ்வொரு வெசாளனுக்கும் அவனுக்கு மசுரு எடுக்கறதில்ல, எண்ணெ தேய்க்கறதில்ல. பொறந்த கெழம வந்தா பொறந்த நாளு வந்துச்சுன்னு அர்த்தம். இது என்ன புதுசா, வருசத்துக்கு ஒருக்காங்கறீங்க?"

பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும், "அதானே" என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆயிரம் வீட்டில் தொங்கிய காலண்டரில் ஒருத்தருக்குக்கூட இது தப்பாகப் படவில்லை. தேதியை அவர்கள் கிழிக்கத்தான் வைத்திருந்தார்கள், கிழமையில்தான் வாழ்ந்தார்கள். எனக்கே என் பிறந்த கிழமைதான் தெரியும், தேதி தெரியாது.

அதற்குள் கவுண்டர் வெளியே வந்துவிட்டார். நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் படித்தேன். அவர் அதை ஆணியோடு பிடுங்கி, நாலாக மடித்து, வெண்ணெய்ச் சட்டி ஒன்றை மூடினார்.

"தம்பி, போன வாரம் கோவத்துல வந்துட்டேன். அப்பறம்தான் கவனிச்சேன். நெய்க்கு வாரவங்கள்ல பாதிப்பேரு வெண்ணெய்ச் சட்டியோட வாராங்க. இத்தன நாளும் சந்தைக்கு அந்தக் கோடியில இருக்கற மண்டிக்குப் போட்டுட்டிருந்தவங்க. பொறந்த நாளு ஊட்டுக்கு வந்துட்டு, வெண்ணெய வேற எடத்துல போடறதுக்கு அவங்களுக்கே கூச்சமா இருக்குதாமா!"

"அப்ப இனாம் நெய்யிங்க?" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து ஒரு சாமானை உருவிக் காட்டினார். கரண்டிதான். காது குடையும் குச்சியைவிடக் கொஞ்சம் பெரிது. "ஆசாரிகிட்டச் சொல்லி அடிச்சேன். நானு பெரிய கரண்டின்னு சொன்னேன், நீங்க கரண்டின்னு மட்டும்தானே போட்டீங்க? எந்தக் கரண்டின்னு கேக்க ஒருத்தருக்கும் வாயி இல்ல. அந்த ஒரு வார்த்தைய உட்டதுக்கு நீங்க நல்லா இருக்கோணும் சாமி."

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். ஒரு தப்பில் போன பெண்டாட்டி இன்னொரு தப்பில் திரும்பக் கிடைத்தால் யாருக்குத்தான் அழுகை வராது? கவுண்டர் பதறிப்போய், எனக்கு மட்டும் பழைய கரண்டியால் நெய் ஊற்றிக் கொடுத்தார்.

4. பதிவேடு

நெய்த் தூக்கோடும், அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆர்டரோடும் சேலம் திரும்பினேன். ஆர்டரில் ஒரே ஒரு நிபந்தனை. செவ்வாய்க்கிழமைகளில் கை வைக்கக் கூடாது. வாத்தியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நாற்பத்தெட்டு நாள் சரித்திரத்தை நெய்யில் முக்கிவிட்டாயே" என்று என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சீட்டுகளை அவர் எத்தனை புத்தகம் புரட்டி எழுதியிருப்பார்! எனக்கு இன்றைக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். காலியாக இருக்கிற இடத்தை எந்தச் சோம்பேறியும் கவனிப்பான். நிரம்பியிருக்கிற இடத்தையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். கையில் ஒரு சீட்டு மிஞ்சினால் ஏன் மிஞ்சியது என்று உடனே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. மற்றபடி என்னைப்போல் தப்பு செய்து தப்பித்துக்கொள்ள முடியும் என்று நம்பாதீர்கள். எல்லா ஊரிலும் செங்கோடக் கவுண்டர் கிடைக்க மாட்டார்.

மாசி முதல் தேதி முதலாளி பதிவேட்டைத் திறந்தார். நிரந்தர ஆட்களின் பெயர் ஏறும் பதிவேடு. என் பெயரை எழுதினார், தகப்பனார் பெயரை எழுதினார்.

"பொறந்த தேதி?"

"புரட்டாசி மாசமுங்க. சனிக்கெழம."

"கெழமய வெச்சு நானு என்னடா பண்றது? தேதி சொல்லு."

எனக்குத் தெரிந்து நல்லபடியாக முடிந்த தேதி ஒன்றுதான் இருந்தது. "ஜனவரி 27" என்றேன்.

முதலாளி பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதையே எழுதி மை ஒற்றினார். சங்கீத மேதை, செங்கோடக் கவுண்டர், நான் என்று அந்த நாளில் மூன்று பேர் ஆனோம். அந்தத் தேதிப்படிதான் பிற்பாடு நான் ஓய்வும் பெற்றேன்.

"போ, போயி ஆத்தூர்ல இருந்து பொண்ணக் கூட்டிட்டு வா" என்றார் முதலாளி, பதிவேட்டை மூடிக்கொண்டே. "ஆனா ஒண்ணு. நீயும் வாராவாரம் பொறந்து, அன்னிக்கெல்லாம் லீவு கேட்டுட்டு நிக்காதே."