அம்மா நேர்ந்துகொண்டது என் கால்களை

நான் சாகக் கிடந்து பிழைத்தவள். பிழைத்து எழுந்த பிறகுதான் என் வாழ்க்கையிலேயே அதிகமாக அழுதேன். முருகனை நம்புகிற உங்களிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நம் கிருத்திகைக் கூட்டத்தில் பலரும் நோய் தீர்ந்த கதையைச் சொன்னீர்கள். எனக்கு நோய் தீர்ந்த இடத்தில்தான் கஷ்டமே தொடங்கியது.

என் பெயர் சண்முகவடிவு. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீடு. அப்பாவுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. சாரல் தொடங்கிவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் நான் கால்பந்து ஆடினேன். சென்டர் பார்வர்ட், அதாவது முன்னால் நின்று கோல் போட வேண்டியவள். எழுபதுகளில் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பந்தை உதைப்பதை யாரும் பார்த்ததில்லை. குற்றாலம் ரோட்டு மைதானத்தில் நாங்கள் ஆடினால், அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் ஈரத்துண்டோடு நின்று வேடிக்கை பார்க்கும். "கட்டிக்குடுக்குத வயசுல காலைத் தூக்குதா பாரு" என்று ஒரு பெரிய மனிதர் என் காதுபடவே சொன்னார். அடுத்த பந்தை அவர் நின்ற பக்கமாக அடித்தேன். தவறிப் போய்விட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். தவறவில்லை.

1978 பங்குனியில் மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஆடி மாதம் மதுரையில் போய்ச் சேர வேண்டும். மடிப்பு கிழிகிற வரைக்கும் அந்தக் கடிதத்தைப் படித்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்கு வேறு ஆசையே கிடையாது.

சித்திரையில் டைபாய்டு வந்து படுத்தேன். தென்காசி ஆஸ்பத்திரியில் அம்மா என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா திரும்பி வந்து என் கட்டிலருகே நின்றார். அம்மா எழுந்து பண்பொழிக்குப் பஸ் ஏறினாள். அங்கே திருமலை முருகன் சன்னதியில் விழுந்து கிடந்தாளாம். மறுநாள் எனக்குக் காய்ச்சல் இறங்கியது. முருகன்தான் காப்பாற்றினான். அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன்.

வைகாசி விசாகத்துக்கு வேண்டுதலை நிறைவேற்ற என்னை மலைக்குக் கூட்டிப் போனாள். பால்குடம் என்றுதான் நினைத்தேன். சன்னதியில் நின்று அம்மா துணிப்பையைத் திறந்தாள். உள்ளே என் பந்து.

"உன் உசுருக்கு ஈடா இதை அவன் காலடியில வச்சிருதேன்னு நேந்துக்கிட்டேன். இனிமே நீ பந்தைத் தொடக் கூடாது" என்றாள்.

"நேந்தது நீ. என்னைக் கேட்டியா?"

"நீ கண்ணே தொறக்கல. எப்படிக் கேக்க?"

பட்டர் பந்தை வாங்கி ஓரமாக வைத்தார். கற்பூரம் காட்டினார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. படியிறங்கும்போது அழுத அழுகையில் அம்மாவின் முந்தானை நனைந்தது. ஆனால் அவள் மனசு இளகவில்லை.

அதன் பிறகு வீட்டில் தினமும் சண்டை. உயிர் கொடுத்த சாமிக்குத் துரோகம் பண்ணப் பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் என்னை ஏசினார்கள். அப்பா, "முருகங்கிட்ட ஒப்புக்கிட்ட விஷயம். இதுல நான் என்னத்தைச் சொல்ல?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விடுவார். அம்மா கோபக்காரியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பயந்தவள். "குடுத்த உசுரை அவன் திருப்பிக் கேட்டாம்னா நான் எங்கன போவேன்?" என்று ஒருமுறை கேட்டாள்.

ஆனி மாதம் ஒருநாள் தனியாகத் திருமலைக்குப் போனேன். காய்ச்சலுக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் படிகளை ஓடியே ஏறுவேன், கால் வலுவாக வேண்டும் என்று. அன்றைக்குப் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். சாரலில் நனைந்துகொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவனிடம் மனசுக்குள் சொன்னேன்: ஒரு பழம் கிடைக்கவில்லை என்று அப்பன் அம்மையை விட்டுக் கோபித்துக்கொண்டு மலையேறினவன் நீ. உன்னை மட்டும் கொண்டாடுகிறார்கள். நான் என்ன தப்புக் கேட்டேன்? அம்மாவை மீறி நான் போக மாட்டேன், போனால் அவள் பயத்திலேயே செத்துப்போவாள். அதனால் அவள் வாயாலேயே என்னைப் போகச் சொல்ல வை. அதுவரைக்கும் உனக்கு என் கும்பிடு கிடையாது.

இப்படியெல்லாம் சாமியிடம் பேசலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். பேசினேன். எனக்கு வேறு யார் இருந்தார்கள் பேச?

ஆடி பிறந்தது. மதுரைக்குப் போக நாலே நாள் இருந்தது. அம்மாவே ஒரு வழி சொன்னாள். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள். நம் பக்கத்து வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் நான் போகலாம். வெள்ளை வந்தால் அத்தோடு முடிந்தது, மறுபேச்சுப் பேசக் கூடாது. நானும் சம்மதித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா வீட்டிலேயே வாழையிலையில் பொட்டலங்களைக் கட்டி எடுத்து வந்தாள். பட்டர் வாங்கிச் சன்னதியில் போட்டார். கேரளத்திலிருந்து சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பட்டர் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எடுக்காமல் கிடந்த பொட்டலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது முறை. நான் குனிந்து எடுத்துப் பிரித்துவிட்டேன். பட்டர் தடுக்கக் கை நீட்டினார், அதற்குள் பிரித்தாகிவிட்டது. அதுவும் நந்தியாவட்டை.

அம்மாவைப் பார்த்தேன். "செவப்பு வந்துருமோன்னு பயந்துட்டேன் வடிவு" என்றாள்.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் மெதுவாகத்தான் கேட்டேன். "அப்பம் அவன் செவப்புதான் குடுப்பாம்னு உனக்கே தெரிஞ்சிருக்கு. இல்லாட்டா ஏன் பயந்த?"

அம்மா சன்னதியை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு படியிறங்கத் தொடங்கினாள். நானும் பின்னால் போனேன். அடிவாரத்தில் முடியெடுக்கிற ஆள் முன்னால் போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். அம்மாவுக்கு முழங்கால் வரைக்கும் முடி. அவள் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

"யம்மா, என்ன செய்யுத?"

"நேந்தவ நாந்தானே. நான் குடுக்கேன்."

மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு மறுபடியும் மலையேறினாள். பட்டரிடம் பந்தைக் கேட்டாள். "அவன் இதை வச்சுண்டு என்ன செய்யப் போறான், எடுத்துண்டு போங்கோ" என்றார் அவர். அம்மா பந்தை என் கையில் வைத்தாள்.

"போளா. போய் ஆடு" என்றாள்.

அன்றைக்கு நான் முருகன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். என்ன வார்த்தை கேட்டேனோ அதே வார்த்தை, யார் வாயிலிருந்து கேட்டேனோ அதே வாயிலிருந்து வந்தது. இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுவாரம் கடையநல்லூரில் ஒரு கல்யாணம். மொட்டைத் தலையோடு அம்மா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாளாம். "என்ன மதினி, மகளுக்குக் காய்ச்சல் சொகமானதுக்கா மொட்டை?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல, அவ பந்து ஆடுததுக்கு" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்பாதான் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில்தான் அவர் முதல்முறையாக, நன்றாக ஆடு என்று எழுதினார்.

மதுரையில் எடுத்த எடுப்பில் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. காலில் வலு இல்லை. அடித்த பந்தெல்லாம் கோல் கீப்பர் கைக்கே போனது. அந்த வருஷம் வெளியே உட்கார்ந்துதான் பார்த்தேன். அடுத்த வருஷம் பதினொருவரில் ஒருத்தியானேன். எண்பத்தொன்றில் சென்னையில் ஒரு நிறுவனம் அதன் டீமுக்காக என்னை வேலைக்கு எடுத்தது. காலையிலும் சாயங்காலமும் பயிற்சி, நடுவில் ஆபீசில் உட்கார ஒரு நாற்காலி. எங்கள் ஊரில் மூக்கில் விரலை வைத்தார்கள், பந்து ஆடுவதற்குச் சம்பளமா என்று.

எண்பத்து மூன்றில் ஒரு ஆட்டத்தில் என் வலது முழங்கால் பிசகியது. கட்டுப் போட்டு ஊருக்கு வந்து படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், சாமி குத்தம் என்று. நேர்ந்ததை மாற்றினால் விடுவானா, காலையே வாங்கிவிட்டான் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பயம் வந்துவிட்டது. இனி ஆட வேண்டாமோ என்று முதல்முறையாக நினைத்தேன்.

அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். என் அம்மா, பயந்தவள் என்று சொன்னேனே, அவள்தான்.

"சாமி குத்தம்னா என்னையில்லா பிடிச்சிருக்கணும்? பொய்யாப் பூக்கட்டுனவ நான். எனக்கு ஒரு தலைவலிகூட வரல. இவ காலை எதிர்ப்பக்கத்துக்காரி மிதிச்சிருக்கா. அதுக்கு முருகன் என்ன செய்வான்? காப்பியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் கழித்து நான் திரும்ப மைதானத்தில் இறங்கினேன். இன்றைக்கும் ஆடுகிறேன். எனக்கு இருபத்தெட்டு ஆகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்கிறவர்களுக்கு, என் காலே போதும் என்று சொல்கிற வரைக்கும் என்பதுதான் பதில். வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது.

முன்பு நான் முருகனிடம் காரியத்துக்காகப் போவேன். இப்போது காரியம் இல்லாமலும் போகிறேன். என்னை அவன் தண்டிக்கக் காத்திருக்கிறான் என்ற நினைப்பு சுத்தமாகப் போய்விட்டது. அதுதான் அவன் எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மலையேறுங்கள். விழுந்து கும்பிடுங்கள். நேர்ந்துகொள்ளுங்கள், அவன் காது கொடுப்பான், எனக்குக் கொடுத்தான். ஆனால் உங்கள் முடியைக் கொடுங்கள், உங்கள் நகையைக் கொடுங்கள், உங்கள் சோற்றைக் கொடுங்கள். அவள் படிப்பையும் அவள் ஆட்டத்தையும் அவளைக் கேட்காமல் கொண்டுபோய் அவன் காலடியில் வைக்காதீர்கள். அவன் அதைக் கேட்கவே இல்லை.