பொன்னாடை போட்ட ஊர்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் போன வருஷம் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குப் பாராட்டு விழா எடுத்தது. மைக்செட், பந்தல், வாடகை நாற்காலி எல்லாம் உண்டு. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். இப்போது அந்த விழாவை நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவர்களை நான் பெரிப்பா, பெரிம்மா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை. திருப்பாலைவனம் பக்கம் நெல் வயலில் கூலிவேலை செய்தவர்கள், கல்யாணமான புதுசில் கருவாடு காயவைக்கும் வேலைக்கு இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. எந்த வீட்டுப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டாலும் பெரிம்மா பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய், பிள்ளை பிறந்து வீடு திரும்பும்வரை தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார். என் பிரசவத்துக்கும் அவர்தான். சாவு என்றால் பெரிப்பா. முகத்துவாரத்தில் முழுகிப்போனவன் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கினால், பெற்ற தகப்பனே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான். பெரிப்பா தூக்கிக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிடுவார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

விழாவில் இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தி, பெரிப்பா கையில் மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, "எங்களையும் ஒரு தலைக்கட்டா சேத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

தலைக்கட்டு என்றால் ஊர்க்கணக்கில் ஒரு குடும்பம். ஏரியில் நல்ல இடங்களில் வலை போடும் முறை தலைக்கட்டுக்காரர்களுக்குள்தான் சுற்றி வரும். அந்த முறையைப் பாடு என்போம்; அன்றைக்குப் பாடு யாருடையதோ அவர் படகுதான் முதலில் போகும். தலைக்கட்டு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஊரில் ஒரு படகும் இறங்காது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் இல்லை.

ஊர்த்தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இன்னிக்கு நல்ல நாளு. அத்த ஊர்க்கூட்டத்துல பேசிக்கலாம் பெரியவரே."

கூட்டத்தில் பேசினார்கள். முடியாது என்றார்கள். ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னும் பத்துப் பேர் வந்து பங்கு கேட்பார்களாம். செய்தி கொண்டுவந்த என் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். "ஆத்தக் கடக்குற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்பறம் நீ யாரோ நான் யாரோ. இன்னா ஊருய்யா இது?"

"ஊர் வழக்கத்த நானா எழுதுனேன்?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் பெரிப்பாவைப் பார்க்கப் போனேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"இந்த வயசுல நான் வலை போடப் போறனா? பாடு எனக்கு இன்னாத்துக்கும்மா? நான் போற அன்னிக்கு ஊரு ஏரில எறங்காம ஒரு நாள் இருக்கணும். அதான் கேட்டேன். இவ தனியா இருக்கப் போறவ. நாமளும் இந்த ஊரு ஆளுங்கதான்னு அவளுக்குத் தெரியணும்ல."

கார்த்திகையில் போய்விட்டார். இறால் நன்றாக விழுகிற மாசம். விடிந்தும் எழுந்திருக்கவில்லை என்று பெரிம்மா வந்து சொன்னதும் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் ஊர்த்தலைவரும் சில பெரிய மனுஷர்களும் வந்தார்கள். இன்றைக்குத் தொழிலை நிறுத்துங்கள் என்று கேட்டேன். தலைவர் தாடையைச் சொறிந்தார்.

"வழக்கம் இல்லம்மா. இருந்தாலும், இன்னிக்குப் பாடு யாருதோ அவங்க விட்டுக்குடுத்தா மத்தவங்களும் நின்னுக்குவாங்க. உன் வூட்டுக்காரர் பாடுதான? அவரையே கேளு."

எனக்கு உயிர் வந்தது. கரைக்கு ஓடினேன். அவர் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு விட்டா அடுத்த மொறை எப்ப வரும்னு தெரியுமா உனக்கு?"

"நம்ம பொண்ணு பொறந்தப்ப உனக்கு மின்னாடி கையில வாங்குனது பெரிம்மாய்யா."

"நான் இல்லன்னா சொன்னேன்? எடுக்கறதுக்குள்ள வந்துடுவேன். நல்ல மாலையா வாங்கியாறேன்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சீ, என்ன மனுஷன் என்று வந்தது எனக்கு.

திரும்பிப் போனபோது பெரிப்பாவை வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஆம்பளைப் பிணத்தை ஆம்பளைகள்தான் குளிப்பாட்டவேண்டும். நின்ற ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அந்த வேலையை இத்தனை காலமும் அவர் தலையில் கட்டிவிட்டுத் தள்ளி நின்றவர்களுக்கு எங்கே தொடுவது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் பெரிம்மாவும் நானும்தான் தண்ணீர் ஊற்றினோம்.

அவர்கள் வாசலிலிருந்து ஏரி தெரியும். ஒரு படகு கிளம்பியது. அதன் பின்னாலேயே மற்றவையும் வரிசையாகப் போயின. பெரிம்மா நிமிர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு குனிந்து பெரிப்பாவின் காதுக்குள் நின்ற தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்தார்.

"மொதல்ல போறது யாரு படகும்மா?"

நான் குனிந்து சொம்பில் தண்ணீர் மொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார்.

"நீ வூட்டுக்குப் போ தாயி. ஏரிக்குப் போனவரு பசியோட வருவாரு. சோறாக்கி வை."