அசைந்த தலைகளின் படம்

மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்பு கொள்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஸ்கேன் எடுக்க நகரத்தில் வளர்ந்த முதியவர்களும் தோட்டத்து முதியவர்களும் தேவைப்பட்டார்கள். மலேசியாவில் லகாட் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகி, அங்கே லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போ நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிவந்திருந்தார்கள். வீடு வீடாக ஏறி அவர்களை அழைத்து வந்தவள் நான்தான்.

முதலில் வந்தவர், என் அம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த பெரியம்மா.

"அசையாம படுக்கணும். வலிக்காது பெரியம்மா."

"இருமல் வந்தா எப்படிலா?"

"கொஞ்சம் அடக்கிக்குங்க."

சில மாதங்களில் படங்கள் தயாராயின. நகரத்தில் வளர்ந்தவர்களின் மூளையில் இணைப்புக் கோடுகள் தடித்திருந்தன. தோட்டத்தாருக்கு நூல் நூலாக. கருத்தரங்கில் அதைத் திரையில் காட்டிய என் பேராசிரியர், "தோட்டத்து லயத்து வீடு மாதிரிதான், உள்ளே வயரிங்கே சரியில்ல" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தோட்டத்தாரின் தலைகள் ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஓயாமல் அசைந்திருந்தன. தோட்ட வேலை தந்த இருமல், முதுகுவலி, எப்படி அசையாமல் படுப்பார்கள்? அசைந்த பகுதிகளை நீக்கிக் கணக்கிட்டபோது இரு தரப்புக்கும் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது.

பேராசிரியரிடம் காட்டினேன். அவர் தாள்களைப் புரட்டக்கூட இல்லை.

"கட்டுரை ஆய்விதழுக்குப் போயாச்சு. நீயும் தோட்டத்துப் பிள்ளைதானே, அதான் உனக்குச் சுடுது."

"சார், இது தப்பு."

"தப்புன்னா உன் பேரை எடுத்துக்கோ."

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். ஆய்விதழுக்கும் எழுதினேன், பரிசீலிப்பதாக ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கட்டுரை வெளியானது. வேறொரு பேராசிரியரிடம் முதலிலிருந்து தொடங்கியதில் எனக்கு இரண்டு ஆண்டுகள் போயின.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என் மூளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல பெரியம்மா. நாங்கதான் கேவலமா எழுதிட்டோம்."

"நாங்கன்னா? நீயுமா?"

"என்னை நம்பித்தானே வந்தீங்க. நானும்தான்."

பெரியம்மா அடுத்த துணியை எடுத்து உதறினார். எப்போது போனாலும் தேநீர் வேண்டுமா என்று கேட்பவர், அன்று கேட்கவில்லை.