ஜவ்வாது மலை இறக்கத்தில் உள்வாங்கிய என் கோல்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. காலையில் நிதானமாக எழுதலாம் என்று போய்ப் படுத்தேன். படுத்தால் கண்ணுக்குள் அந்தச் சரளைச் சரிவுதான் வருகிறது. எழுந்து வந்துவிட்டேன்.

பயணக் கதை வேண்டாம் என்பவர்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் என்னிடமிருந்து சோதித்துப் பார்க்க மலையேற்றக் கோல் வாங்கிப்போன ஒன்பது பேரும், இப்போதைக்கு அதை ஊன்றி எந்த மலையும் ஏறவேண்டாம், இறங்கவும் வேண்டாம். முக்கியமாக, "வர்ற பௌர்ணமிக்கு அம்மாவைப் பர்வதமலைக்குக் கூட்டிப் போகிறேன், அம்மாவுக்கு முட்டி வலி, உங்கள் கோல்தான் துணை" என்று பின்னூட்டம் போட்ட கலசப்பாக்கம் வாசகி. உங்கள் எண் என்னிடம் இல்லை. கோல்களை வேலூரில் தோழியின் ஜெராக்ஸ் கடையில் வைத்திருந்தேன். நீங்கள் வந்து எடுத்துப் போனீர்கள். யார் யார் வந்தார்கள் என்று அவளுக்கு முகம்கூட நினைவில்லை. பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக: நான் மெக்கானிக்கல் படித்தவள். இனியன் பிறந்தபிறகு வேலைக்குப் போகவில்லை. சிசேரியனுக்குப் பிறகு வந்த இடுப்பு வலியோடு மலையேற ஆசைப்பட்டபோது கடைக் கோல்களை வாங்கிப் பார்த்தேன். பிடி என் கைக்குப் பருமன். இலேசான கோல் எல்லாம் கல்லிடுக்கில் மாட்டினால் முறிந்தது. முறியாத கோல் எல்லாம் உலக்கை. அதனால் நானே வரைந்தேன். மூன்று துண்டு. மேலே இரண்டும் கார்பன் குழாய், தரையில் படும் அடித்துண்டு அலுமினியம். அலுமினியம் சொல்லிவிட்டு வளையும். கார்பன் சொல்லாமல் முறியும். துண்டுகளை நீட்டிக் குறுக்கி நிறுத்த, நெம்பினால் திறந்து அழுத்தினால் மூடும் பூட்டு. ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்து வாங்குகிறேன். ஒரு கோல் 214 கிராம். இந்த எண்ணுக்காக நான் பட்ட பாடு எனக்கும் சமையலறைத் தராசுக்கும்தான் தெரியும்.

வரும் வாரம் ஐம்பது ஜோடிக்குப் பட்டறையில் சரி சொல்ல வேண்டும். அதற்கு முன் முதுகில் பிள்ளையோடு ஒரு முழு நாள் நடந்து பார்த்துவிட நினைத்தேன். மாசி பிறந்தால் காட்டுத்தீக்குப் பயந்து பாதைகளை மூடிவிடுவார்கள். அதனால் தை கடைசி ஞாயிறு, ஜவ்வாது மலை, வேலூர்ப் பக்கத்துச் சரிவு. இவரும் வந்தார். இவர் கையில், பட்டறையில் முதல் தடவை செய்து வாங்கிய என் முதல் ஈட்டுக் கோல். என் கையில் உங்களுக்குக் கொடுத்த அதே இரண்டாம் ஈடு.

வேலூரிலிருந்து ஒடுகத்தூருக்கு முதல் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, இவருக்கு மட்டும்தான். ஒன்றேகால் மணி நேரம். ஒடுகத்தூரில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் ஒன்றும் கிடைக்காது. அங்கிருந்து அடிவாரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 250 ரூபாய். நெல் அறுத்த வயல், நிலக்கடலைக் கொல்லை, பனி. இனியனுக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டே வந்தது. திரும்பிவிடலாமா என்று மூன்று முறை கேட்டேன். இவர் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார். ஆட்டோக்காரர் குமார் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், ரெண்டு பேருக்கு நாலு கோலு? மேல ஆடு மேய்க்கவா போறீங்க?"

"நடக்கத்தான்."

"நடக்கிறதுக்குக் காலு வெச்சிருக்கான் சார் ஆண்டவன்."

வனத்துறை அலுவலகத்தில் முன்பே கேட்டிருந்தோம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஊர்ப்பாதையிலேயே போகச் சொல்லியிருந்தார்கள். குமார் ஏற்பாடு செய்த ஆள் செல்வி அக்கா. நாற்பது வயதிருக்கும். மலைமேல் சாமை போடுகிறவர், நாலைந்து புளியமரம் உண்டு. கீழே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டு அன்று மேலே திரும்பிக்கொண்டிருந்தார். என்னையும் முதுகில் உட்கார்ந்திருந்த இனியனையும் இரண்டு கோல்களையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நல்லா இருக்கிற காலுக்கு ரெண்டு முட்டுக்கட்டை?"

"பையன் பன்னெண்டு கிலோ அக்கா. பாரம் கொஞ்சம் கைக்குப் போவும்."

"எம்மவனைப் பதினாலு கிலோல இடுப்புல வெச்சிக்கினு விறகும் எடுத்தாந்தேன். யாரும் குச்சி குடுக்கல."

மலைமேல் செல்வி அக்காவின் ஊரான மேலூர் வரை 5.8 கிலோமீட்டர் என்றது இவருடைய போன். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பிள்ளை இல்லாதவர்களுக்கு இரண்டே போதும். முதல் ஒரு கிலோமீட்டர் உண்ணிச்செடிப் புதர், பிறகு பாறை, பிறகு பாதையில் மிக மோசமான பகுதி: ஓடையை ஒட்டி ஒரு சரளைச் சரிவு. ஏறும்போது கோல்கள் அழகாக வேலை செய்தன. நுனி கல்லில் வழுக்கவே இல்லை. பெருமையில் இவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மேலே செல்வி அக்கா வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். காசு வாங்க மறுத்துவிட்டார். இனியன் ஒரு வாய் சோற்றுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்ப்பது என்ற கணக்கில் சாப்பிட்டான். கொல்லையில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி அக்காவின் நாத்தனார் கனகா மரத்தின் மேலே நின்று கிளையை உலுக்க, கீழே இருந்தவர்கள் நீண்ட மூங்கிலால் எட்டாத கொப்புகளை அடித்தார்கள். மூங்கில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. பத்து அடி அடித்தால் தோள் இறங்கிவிடும்.

நான் இனியன் வாயிலிருந்து புளியை எடுக்கப் போராடிக்கொண்டிருந்தேன். திரும்பினால், என் இடது கைக் கோல் செல்வி அக்கா கையில்! பூட்டுகளைத் திறந்து, 'இதற்கு மேல் இழுக்கக் கூடாது' என்று கோடு போட்டிருந்தேனே, அதையும் தாண்டி இழுத்து, மூடி, தாழ்ந்த கிளைகளை விளாசிக்கொண்டிருந்தார். பொலபொலவென்று புளி விழுந்தது.

"காத்து கணக்கா இருக்குதுடி கனகா!"

மரத்து மேலிருந்து கனகா கத்தினார்: "எனக்கு ஒண்ணு வாங்கி வை! நுனியில கொக்கி வெச்சித் தரச் சொல்லு!"

"அக்கா, அது அடிக்கிறதுக்கு இல்ல" என்றேன்.

"பின்ன? கையில கம்பு, எதுருக்க புளி. நடக்கிறதுக்கா இவ்ளோ நீளம் இழுக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் மணி நேரம் அடித்திருப்பார். பிடுங்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நான் செய்த பொருளை ஒருவர் இவ்வளவு ஆசையாகப் பிடித்து அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். "கைப்புள்ளயோட தனியா போவாதீங்க, பாதி வழி வர்றேன்" என்று செல்வி அக்காவும் வந்தார். இறக்கத்துக்குக் கோலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டும். நீட்டி மூடினேன். பூட்டு 'டக்' என்று விழுந்தது. எப்போதையும்விட இலேசாக மூடியதுபோல் இருந்தது. கையில் புளிப் பிசுக்கு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சரளைச் சரிவு. இடது கோலை ஓரடி கீழே ஊன்றி எடையைக் கொடுத்தேன். கோல் மடக்குக் குடைபோல அப்படியே உள்ளே போய்விட்டது. ஊன்ற ஒன்றுமில்லை. மல்லாக்க விழக் கூடாது, மல்லாக்க விழக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. முட்டியில் விழுந்து, கையில் கிடைத்த முட்செடியைப் பிடித்தேன். அப்படியும் சரிந்துகொண்டே போனேன். பின்னால் வந்த செல்வி அக்கா இனியன் உட்கார்ந்திருந்த பையின் மேல்பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடை என் காலுக்கு நான்கடி கீழே இருந்தது.

காதுக்குப் பின்னால் குரல்: "இன்னொரு வாட்டிம்மா!"

அவன் அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டான். நான் அழ ஆரம்பித்ததும்தான் அவனும் அழுதான். இவர் மேலிருந்து இறங்கி வந்து பையனைக் கழற்றி வாங்கிக்கொண்டார். என் உள்ளங்கையில் ரத்தம். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சட்டையைக் கழற்றி இரண்டு முறை பார்த்துவிட்டேன். இப்போதும் நடுவில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செல்வி அக்கா பாதியாகச் சுருங்கிக் கிடந்த கோலை எடுத்துவந்து நீட்டினார்.

"நான் புளி அடிச்சதாலயா? சொல்லிடும்மா. மனசுல வெச்சிக்கினு போவாத."

"அதெல்லாம் இல்லக்கா" என்றேன். வாய்தான் சொன்னது.

பஸ்ஸில் இவர், "புளி உலுக்கினா எந்தக் கோல்தான் தாங்கும்? இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேலூர் வருவதற்குள் கோலோடு கொடுக்கும் குறிப்பில் சேர்க்க ஒரு வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது: 'எதையும் அடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.' ஐம்பது ஜோடிக்குச் சரி சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையனைத் தூங்க வைத்துவிட்டு, இடது கோலின் பூட்டைக் கழற்றினேன். பூட்டின் இறுக்கத்தைப் பிடித்து வைக்கும் பக்கவாட்டு நட்டு கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று தளர்ந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். சும்மா இருந்திருக்கலாம், வலது கோலையும் எடுத்தேன். அது புளியமரத்துப் பக்கமே போகாதது. அதன் நட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலால் திருப்பினேன். திரும்பியது. இவருடைய முதல் ஈட்டுக் கோல்கள் இரண்டையும் எடுத்துத் திருப்பினேன். அசையவில்லை. அதே பாதை, அதே நாள், என்னைவிட இருபது கிலோ அதிக எடை.

முதல் ஈட்டில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. பட்டறையில் நைலாக் என்பார்கள். அதிர்வுக்குத் தளராது. இரண்டாம் ஈட்டில் அதை எடுத்துவிட்டுச் சாதா மெல்லிய நட்டைப் போடச் சொன்னது நான். பட்டறைக்காரர் வரைபடத்தில் இருந்ததைச் செய்தார். கோலுக்கு மூன்று கிராம் குறைந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு பிஸ்கட் எடை.

சோதிக்காமல் கொடுக்கவில்லை. மொட்டை மாடியில் கோலை நிறுத்தி வைத்து அறுபது கிலோவைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், அசையாமல் நின்றது. ஆனால் நடை என்பது தொங்கும் எடை இல்லையே. ஒவ்வொரு ஊன்றலும் ஒரு சின்ன அடி. அந்த அடிகள் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகின்றன. செல்வி அக்கா கால் மணி நேரத்தில் செய்ததை, நீங்கள் ஒழுங்காக நடந்தே சில மாதத்தில் செய்துவிடுவீர்கள். ஆயிரக்கணக்கில் படி இருக்கும் மலையென்றால் அதற்கும் முன்னால்.

எட்டரை மணிக்குக் குமாருக்குப் போன் செய்தேன். "கோல் கெட்டது செல்வி அக்காவால இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"அத்த நான் வேற சொல்லணுமா மேடம்? பட்டணத்துக் குச்சி சொத்தைன்னு அவங்க அப்பவே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. கொழந்த நல்லா இருக்குதா?"

நல்லா இருக்கிறான். பட்டறைக்கு 'நிறுத்துங்கள்' என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

இந்தப் பாதைக்குப் போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வழியில் கிடையாது. வனத்துறையிடம் கேட்காமல் போகாதீர்கள். சிறுபிள்ளையோடு போவதாக இருந்தால் சரளைச் சரிவில் பிள்ளையைக் கோல் இல்லாத ஆளிடம், இரண்டு கையும் காலியாக இருப்பவரிடம் கொடுங்கள். கடைசி பஸ் ஒடுகத்தூரில் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே விசாரித்துவிடுங்கள். எந்தக் கம்பெனிக் கோலானாலும் கிளம்பும் முன் பூட்டை மூடி, கோலைத் தரையில் ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். 'டக்' சத்தத்தை நம்பாதீர்கள்.

என் கோல் வைத்திருப்பவர்களுக்கு: பூட்டைத் திறந்து பக்கவாட்டு நட்டை விரலால் திருப்பிப் பாருங்கள். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் பயன்படுத்த வேண்டாம். நைலாக் நட்டுகளோடு நானே வருகிறேன், ஆரணியோ திருப்பத்தூரோ எங்கே என்றாலும். பத்து நிமிட வேலை. நட்டு மாற்றியும் நம்பிக்கை வராவிட்டால் திருப்பித் தந்துவிடுங்கள்.

ஒன்பது பேரில் ஐந்து பேரின் எண் இருந்தது, பேசிவிட்டேன். மீதி நான்கு பேர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். கலசப்பாக்கம் வாசகி, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கோலைக் கொடுக்காதீர்கள். படித்தேன் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.